கண்வலிக்கிழங்குப் பூவும் ஆரி ஊசியும்: ஒரு கிளை நூலகத்தின் நிகழ்வு ஆய்வு

திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் கிளை நூலகத்தில் 2023 ஜூன் முதல் 2024 மே வரை நடந்ததை இங்கே பதிவுசெய்கிறேன். அந்த நூலகத்தின் நூலகர் நான். ஆரி வேலை (கொக்கி ஊசியால் துணியில் செய்யும் பூவேலை) செய்து பிழைக்கும் பெண் ஒருவர், நூலகப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டித் தமக்கென்று ஒரு டிசைனை உண்டாக்கிக்கொண்டதுதான் நிகழ்வு. ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். தையலைப் பற்றி நான் தவறாக எழுதியிருந்த இரண்டு இடங்களைத் திருத்தித் தந்தார்.

“கைவேலைக்கு ஏதாவது புத்தகம் இருக்கிறதா?” என்று கேட்டு வருகிறவர்களுக்குக் கைவினை அலமாரியைக் கைகாட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பதுதான் பல ஆண்டுகளாக என் வழக்கம். அந்த வழக்கம் எங்கே தவறியது என்பது மற்ற நூலகர்களுக்கும், மகளிர் குழுக்களுக்குத் தையல் கற்றுக்கொடுப்பவர்களுக்கும் பயன்படலாம்.

## பின்னணி

அவருக்கு அப்போது வயது 34. இரண்டு பெண் குழந்தைகள். மூன்று மாதப் பயிற்சியில் ஆரி வேலை கற்று, வீட்டின் முன்னறையில் ஸ்டாண்டு போட்டு ஐந்தாறு ஆண்டுகளாகத் தொழில் செய்துவந்தார். பட்டு ரவிக்கையின் பின்கழுத்துக்கும் கைகளுக்கும் வேலைப்பாடு செய்வதுதான் பெரும்பாலான வருமானம்.

ஆரி தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். துணியை ஸ்டாண்டில் மத்தளம்போல் இழுத்துக் கட்டுவார்கள். நூல் துணிக்கு அடியில் ஒரு கையில் இருக்கும். நுனியில் கொக்கி உள்ள ஊசியை மேலிருந்து இறக்கி, அடியிலிருக்கும் நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்தால் ஒரு கண்ணி வரும். அடுத்த கண்ணி அதற்குள்ளிருந்து வரும். இப்படிக் கண்ணியோடு கண்ணி கோத்து ஓடுவதுதான் சங்கிலித் தையல். அதன்மேல்தான் ஜரிகை, கட் பீட்ஸ், குந்தன் கல் எல்லாம். டிசைனைத் துணியில் ஏற்றுவதற்கு ட்ரேஸிங் பேப்பரில் கோட்டோவியம் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிடுவார்கள். அதைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பொடியைப் பஞ்சால் தடவினால் துளைகளின் வழியே வெள்ளைப் புள்ளிகளாக டிசைன் இறங்கும். இந்த வெள்ளைப் பொடியும் இந்தத் துளைகளும் பின்னால் இந்தக் கதையில் வேறு வேஷத்தில் வரும்.

அவருடைய சிக்கல் எளிது. வாடிக்கையாளர்கள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி “இதேபோல்” என்பார்கள். மயில், தாமரை, மாங்காய், யானை. அதே படம் அந்த ஊரின் மற்ற மூன்று ஆரிக் கடைகளுக்கும் போயிருக்கும். நான்கு பேரும் ஒரே மயிலைத் தைக்கும்போது வித்தியாசம் விலையில் மட்டும்தான். மூன்று நாள் வேலைக்கு 1,500 ரூபாய் கேட்டால், “அங்கே 1,200-க்கு முடித்துத் தருகிறார்கள்” என்று பதில் வரும்.

எங்கள் நூலகத்தில் ஏறக்குறைய 12,000 நூல்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூவி தசமப் பகுப்பைத் தோராயமாகப் பின்பற்றுகிறோம். அதன்படி கைவினை 745-இலும் தையலும் பூவேலையும் 746-இலும் அடங்கும். எங்களிடம் இந்த வகையில் நாற்பது நூல்கள் இருந்தால் அதிகம். தாவரங்கள் 580-களில் எதிர்ச் சுவரில் இருக்கின்றன. கோயிற்கட்டடக் கலை 726, கைவினைக்குப் பக்கம்தான். ஆனால் எங்கள் நூலகத்தில் அந்த நூல்கள் கனமானவை என்பதால் அடித்தட்டில் கிடந்தன.

## கவனித்தவை

2023 ஜூனில் மூத்த மகளின் பள்ளிச் செயல்திட்டத்துக்காக அவர் முதன்முதலில் வந்தார். மகள் பெயரில் ஓர் அட்டை, தம் பெயரில் ஓர் அட்டை வாங்கிக்கொண்டார். அடுத்த ஐந்து வாரங்களில் கைவினை அலமாரியிலிருந்து ஆறு நூல்களை எடுத்துப்போனார். நான்தான் அந்த அலமாரியைக் காட்டியிருந்தேன்.

திரும்பி வந்த நூல்களின் வலது கீழ் மூலைகளில் வெள்ளையாகக் கட்டைவிரல் தடங்கள் இருந்தன. முதலில் எரிச்சல்தான் வந்தது. சுண்ணக்கட்டி என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன், ஓரளவுதான் போயிற்று. மண்ணெண்ணெய் வாடை வேறு. அடுத்தமுறை கேட்டபோது, கூச்சத்தோடு ஜிங்க் பொடியைப் பற்றிச் சொன்னார். இனிக் கை கழுவிவிட்டுத்தான் தொடுவேன் என்றார்.

துடைக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பூவேலை நூல்கள் ஆறிலும் தடங்கள் முதல் இருபது, முப்பது பக்கங்களோடு நின்றுவிட்டன. அதற்கு அப்பால் பக்கங்கள் சுத்தமாக இருந்தன. அதாவது, அவர் ஆசையோடு திறந்து, பாதியில் மூடியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

“எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது மேடம். கட்டத்தை எண்ணித் தைப்பதற்குப் பட்டில் ஏது கட்டம்?”

நாற்பது நூல்களில் பாதி, குறுக்குத் தையலுக்கான (கிராஸ் ஸ்டிச்) கட்ட மாதிரிகள். இழை எண்ணக்கூடிய துணிக்குச் செய்தவை. இத்தனை ஆண்டுகளாக அவற்றைத் தூசு தட்டி அடுக்கிய எனக்கு இது தெரியாது. மிச்ச நூல்களில் இருந்த ரோஜாவும் டெய்சியும் எங்கள் ஊர்க் கல்யாணத்துக்குப் பொருந்தவில்லை என்பது அவர் தீர்ப்பு.

ஜூலை இறுதியில் மகளின் அட்டையில் போயிருந்த ஒரு நூல் திரும்பி வந்தது. மூலிகைச் செடிகளைப் பற்றிய பழைய தமிழ் நூல். காகிதம் பழுப்பேறி, முதுகில் நான் ஒட்டிய காலிகோ துணியோடு இருக்கும். புகைப்படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மையால் வரைந்த கோட்டோவியங்கள். அதில் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் மூன்று ஓரங்களிலும் வெள்ளைத் தடம். செங்காந்தள் பக்கம்.

அவர் வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தேன். திருடு பிடிபட்டதுபோல் சிரித்தார்.

“மேடம், இது எங்கள் ஊர்க் கண்வலிக்கிழங்குப் பூ. பெயரைப் படித்துப் பார்த்த பிறகுதான் இதற்குச் செங்காந்தள் என்றும் பெயர் உண்டு என்று தெரிந்தது.”

ஒட்டன்சத்திரம் பக்கம் அவருடைய தாய்வீடு. அங்கே விதைக்காகக் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள். விதையில் மருந்துக்குப் பயன்படும் கோல்சிசின் இருக்கிறது. காய் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஆட்களை விட்டுக் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்வது வழக்கம். கல்யாணத்துக்கு முன்பு மூன்று பருவம் அந்த வேலைக்குப் போயிருக்கிறார். எப்படிச் செய்வது என்று படத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினார். இந்த ஆறு கம்பிகளில் ஒன்றைக் கிள்ளி, பக்கவாட்டில் மடங்கி நிற்கும் இந்த ஒற்றைக் கம்பியின் நுனியில் தடவ வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பூக்களைத் தொட்டவர். தொட்ட காலத்தில் அது கூலி. ஒரு டிசைனாக அது அவர் கண்ணில் பட்டது புத்தகத்தில்தான்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பூவேலை நூல்களை அவருக்குக் காட்டுவதை நிறுத்துவது. அவர் நின்று பார்த்த ஒரே பக்கம் கைவினை நூலில் இல்லை. அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று தோன்றியது. யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது. புகைப்படத்தில் எல்லாம் இருக்கும்: நிழல், பின்னணி, வாடிய நுனி. எதை விடுவது என்று பார்ப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும். தாவர நூலின் கோட்டோவியத்தில் அந்த வேலையை ஓவியர் முன்பே முடித்திருக்கிறார். இலை எங்கே தொடங்குகிறது, நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது, மொட்டு எப்படித் தொங்குகிறது என்பது மட்டும் மிஞ்சியிருக்கும். கோட்டிலேயே பிழைக்கும் ஆரி ஊசிக்கு அதுதான் தீனி. தவிர, செடியியல் படத்தில் மொட்டு, பாதி விரிந்த பூ, முழுப்பூ, காய், விதை எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். கைபேசிப் படம் ஒரு நொடியைத்தான் காட்டும்.

ஆகவே ஜன்னலோர மேசை ஒன்றை ஒதுக்கினேன். தாவரங்கள், பறவைகள், வண்ணத்துப்பூச்சிகள், கோயிற்கலை, கோலம் என்று கோட்டோவியம் உள்ள இருபதுக்கு மேற்பட்ட நூல்களை அலமாரி எண்ணைப் பார்க்காமல் அங்கே அடுக்கினேன். பகுப்பு முறைக்கு இது பாவம்தான். ஆனால் ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் கிடைக்க வேண்டும் என்று 1931-இல் விதி எழுதிவைத்த நூலகவியல் அறிஞர் சீர்காழி எஸ்.ஆர். அரங்கநாதன் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் முடிவு, படியெடுப்பது பற்றியது. அந்த மூலிகை நூலின் ஓவியர் உயிரோடு இருக்கலாம். ஓவியத்துக்கான பதிப்புரிமை நம் நாட்டில் படைத்தவர் காலம் முழுவதும், அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரைக்கும் உண்டு. படத்தை அப்படியே அச்செடுத்து ரவிக்கையில் தைத்து விற்பது சரியில்லை என்று சொன்னேன். பூ யாருக்கும் சொந்தமில்லை. அந்தப் படம் ஒருவருக்குச் சொந்தம். குறைந்தது மூன்று நூல்களில் அதே செடியைப் பார்த்துவிட்டு, நூல்களை மூடிவைத்துவிட்டு வரைய வேண்டும் என்பது நாங்கள் இருவரும் வைத்துக்கொண்ட ஒப்பந்தம். “வரையத் தெரியாதே மேடம்” என்றார். வராதுதான். முதல் பத்து நாள் வரைந்தவற்றை எனக்குக் காட்டவே இல்லை.

## முதல் முயற்சி: நண்டு

ஆகஸ்டு நடுவில் ஒரு மாதிரித் துணியைக் கொண்டுவந்தார். மெரூன் பட்டு, இரண்டு அங்குலக் கைப்பட்டி, அதில் வரிசையாக ஐந்து செங்காந்தள் பூக்கள். ஒவ்வொன்றும் ஒன்றேகால் அங்குலம். முன்புறமாகப் பார்த்த தோற்றம். உள்ளே நிரப்பப் பட்டு நூலில் வாட்டர் ஃபில்லிங் தையல், விளிம்புக்கு ஜரிகை. பத்தொன்பது மணி நேரம் உட்கார்ந்ததாகச் சொன்னார். வேலை சுத்தமாக இருந்தது.

நம்பிக்கையான ஒரு வாடிக்கையாளரிடம் காட்டியிருக்கிறார். அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “எதற்கம்மா கையில் நண்டு?” என்றாராம்.

எனக்கும் அது நண்டாகத்தான் தெரிந்தது. சொல்ல வாய் வரவில்லை. இருவரும் மூலிகை நூலையும் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். காரணம் பூவின் அமைப்பிலேயே இருந்தது. செங்காந்தளின் ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து மேலே ஏறிவிடும். அடியில் ஆறு மகரந்தக் கம்பிகளும் ஆரக்கால்போல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முன்னாலிருந்து சின்னதாக வரைந்தால் உடம்பும் கால்களும்தான். இன்னொன்று: செங்காந்தள் என்று கண்டுகொள்ள வைப்பது இதழ் ஓரத்தின் நெளிவு. அவருடைய கண்ணி ஒன்று ஏறக்குறைய 2 மி.மீ. நீளம். ஒன்றேகால் அங்குலப் பூவில் அந்த நெளிவு ஒன்று இரண்டு கண்ணிக்குள் அடங்க வேண்டும், அடங்காது. நெளிவு போய் இதழ் வெறும் கொடுக்காகிவிட்டது.

ஓவியர் பேனாவுக்காக எடுத்த முடிவுகள் ஊசிக்கு அப்படியே செல்லாது என்பதை நான் அப்போதுதான் புரிந்துகொண்டேன். அவருக்கு அது முதல் பூவின் மூன்றாவது இதழிலேயே தெரிந்துவிட்டதாம். தொடங்கியதை விட மனமில்லாமல் ஐந்தையும் முடித்திருக்கிறார்.

## இரண்டாவது புத்தகம்

பூ கிடைத்துவிட்டது, அதை எப்படி ஓடவிடுவது என்பது கிடைக்கவில்லை. ஐந்து பூவை வரிசையாக நிறுத்துவது கைபேசி டிசைன்களின் பழக்கம். இந்த இடத்தில், அடித்தட்டிலிருந்து மேசைக்கு வந்திருந்த, சோழர் காலக் கோயில்களைப் பற்றிய ஒரு தடித்த நூலை எடுத்துக் கொடுத்தேன். ஏதோ ஞானத்தில் எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், மேசையில் அந்த ஒரு நூல்தான் அவர் தொடாமல் மிச்சமிருந்தது.

அதில் கோயில் நிலைக்கால்களில் செதுக்கியிருக்கும் கொடிக்கருக்கின் வரைபடங்கள் இருந்தன. ஒற்றைத் தண்டு பாம்புபோல் இடமும் வலமும் வளைந்து மேலேறும். ஒவ்வொரு வளைவின் வயிற்றுக்குள்ளும் ஓர் இலைச்சுருள் எதிர்த்திசையில் சுழன்று அந்த வெற்றிடத்தை நிரப்பும். எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் நீட்டலாம், எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். குறுகலான கல்லுக்காகச் சிற்பிகள் கண்டுபிடித்த வழி. கைப்பட்டியும் குறுகலானதுதானே.

அவர் விரலால் அந்தத் தண்டைக் கீழிருந்து மேலே ஓட்டிக்கொண்டே போனார். பாதியில் நிறுத்தி, மூலிகை நூலைக் கேட்டார். செங்காந்தளின் இலை நுனி கூராக முடிவதில்லை. நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும். செடி கொம்பைப் பிடித்து ஏறுவது அந்த நுனியால்தான்.

“சுருள் இதிலேயே இருக்கிறது மேடம். அதில் வேறு இலை எதற்கு?”

கல்லில் உள்ள சுருளும் செடியில் உள்ள சுருளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திவிட்டன. இந்த நிகழ்வில் என்னால் மறக்க முடியாத நேரம் இதுதான். இரண்டு நூல்களும் எங்கள் நூலகத்தில் பல ஆண்டுகளாக எதிரெதிர்ச் சுவர்களில் இருந்தவை. ஒன்றாக ஒரு மேசையில் விரிந்தது அன்றைக்குத்தான் முதன்முறையாக இருக்கும்.

அக்டோபரில் செடி பூத்த சமயம் தாய்வீட்டுக்குப் போனார். வரைந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். படங்கள் கறுப்பு வெள்ளை என்பதால் நிறம் பற்றிப் புத்தகத்தில் எதுவும் கிடைக்கவில்லை. கொடியில் பூ அடியிலிருந்து மேல்நோக்கி விரிகிறது. ஆகவே அடியில் இருப்பது முற்றிச் சிவந்த பூ, நடுவில் மஞ்சளும் சிவப்பும் கலந்தது, உச்சியில் பச்சை மொட்டு. ஒரே கொடியில் பச்சையிலிருந்து குருதிச் சிவப்பு வரை. ஐந்து பட்டு நூல் கண்டுகளைக் கையோடு கொண்டுபோய்ப் பூவோடு ஒட்டிவைத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மஞ்சள் மட்டும் சரியாக அமையவில்லை. திண்டுக்கல்லில் தேடி வாங்கினார்.

நவம்பரில் முடிந்த இரண்டாவது மாதிரி வேறு ஜாதி. கைப்பட்டியில் பூவே இல்லை. பற்றுக்கம்பிச் சுருள்களோடு கொடியும், பக்கவாட்டில் பார்த்த மொட்டுகளும் மட்டும். முழுப்பூ ஒன்றே ஒன்று, பின்கழுத்தின் நடுவில் மூன்று அங்குல அகலத்தில், பக்கவாட்டுத் தோற்றம். அந்த அளவில் நெளிவு நன்றாக வந்தது. நிறம் கீழிருந்து மேலே மாறிக்கொண்டே போனது. குந்தன் கல் கிடையாது. நேரம் 22 மணி.

## மதுரைப் பயணம்

டிசம்பரில் அவரோடு வேறு மூன்று ஆரிக்காரப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். எல்லோருமாக பஸ் ஏறி மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனோம். 2023 ஜூலையில் திறந்தது. அவர்களில் யாரும் அதுவரை உள்ளே போனதில்லை. ஐந்து மணி நேரம் இருந்தோம். ஒரு நாளில் பார்த்து முடிக்கிற இடமில்லை. என்னென்ன பார்த்தோம் என்று பட்டியல் போடுவதில் பயனில்லை. நால்வரும் வரைந்து கொண்டுவந்தது மொத்தம் ஏழு தாள்.

திரும்பி வந்தபின் எங்கள் நூலகக் கணினியில் ராபர்ட் வைட்டின் தாவரப் படங்களைக் காட்டினேன். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் சென்னை மாகாணத்தில் செடிகளைச் சேகரித்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்களை அச்சிட்டார். வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள்: ரங்கய்யா, அவருக்குப் பின் கோவிந்து. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டியிருக்கிறார். பெரும்பாலும் வண்ணமில்லாத கோட்டோவியங்கள். பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. மின்வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. படியெடுக்கலாமா கூடாதா என்ற கவலை இவற்றில் இல்லை. இதை முதலிலேயே காட்டியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். கேட்டது நியாயம்.

## துளைகள்

2024 ஜனவரியில் ஒரு தவறு நடந்தது. மூலிகை நூலை வேறு ஒரு பெண் வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தார். திரும்பி வந்தபோது வெள்ளைத் தடம் எதுவும் இல்லை, மகிழ்ச்சியாக வாங்கிவைத்தேன். இரண்டு நாள் கழித்து யதேச்சையாகப் பக்கத்தை ஜன்னல் பக்கம் தூக்கியபோது வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்தது. ட்ரேஸிங் பேப்பரைப் படத்தின்மேல் வைத்து, வரையாமலேயே நேராக ஊசியால் குத்தியிருக்கிறார். நொச்சி இலையின் ஐந்து விரல்களும் துளைகளாகவே பக்கத்தில் இருந்தன.

விதிப்படி புது நூல் வாங்கித் தர வேண்டும், அல்லது விலையைக் கட்ட வேண்டும். அந்த நூல் இப்போது அச்சில் இல்லை. விலையைக் கட்டச் சொன்னால் பழைய விலை 18 ரூபாய். அதனால் நூலகத்துக்கு எதுவும் ஆகப்போவதில்லை, அவர் மட்டும் இனி வரமாட்டார். எடுத்துப்போனவரை அழைத்து, பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினேன். “காகிதத்தின்மேல்தான் குத்தினேன், அடியில் இறங்கியது தெரியவில்லை மேடம்” என்றார். அவரையே பின்புறம் மெல்லிய திசுக்காகிதம் ஒட்டிச் சரிசெய்யச் சொன்னேன். ஒட்டுப் பசை நான் கொடுத்தேன். என்னைவிடச் சுத்தமாக ஒட்டினார்.

அன்று முதல் கோட்டோவிய நூல்களில் பழையவற்றை வீட்டுக்குத் தருவதில்லை. மேசையிலேயே, படத்தின்மேல் கெட்டியான ஒளிபுகு பிளாஸ்டிக் தாள் வைத்து, மென்மையான பென்சிலால் வரைந்துகொள்ளலாம். ஊசி நூலகத்துக்குள் வரக்கூடாது. வாசலில் வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தேன். பிளாஸ்டிக் தாளுக்கு 60 ரூபாய் ஆயிற்று. இதை ஆகஸ்டிலேயே செய்திருந்தால் நொச்சி தப்பித்திருக்கும். செய்யாதது என் பிழை.

## விளைவுகள்

செங்காந்தள் டிசைனுக்கு முதல் ஆர்டர் டிசம்பர் இறுதியில் வந்தது. மே மாதம் வரை மொத்தம் ஒன்பது ஆர்டர். ஒரு ரவிக்கைக்கு 2,800 ரூபாய். பேரம் பேசியவர்கள் உண்டு, “அங்கே குறைவு” என்று சொன்னவர்கள் இல்லை. அங்கே அது இல்லை.

ஒன்பதில் ஒன்று பாதியில் நின்றது. மணப்பெண்ணின் தாய்க்கு விவசாயக் குடும்பம். கண்வலிக்கிழங்கு விஷம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். “விஷச்செடியைக் கல்யாண ரவிக்கையிலா தைப்பது?” என்று கேட்டுத் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கிழங்கு விஷம்தான், அதை மறுக்க முடியாது. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர் என்பதையும், திருமுருகாற்றுப்படையில் முருகன் சூடுவது காந்தள் கண்ணி என்பதையும் நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாள் மனம் மாறவில்லை. ஆனால் அந்தத் தாளை இவர் லேமினேட் செய்து ஸ்டாண்டுக்கு மேலே மாட்டிவைத்திருக்கிறார். பிறகு வந்தவர்களில் இருவர் அதைப் படித்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுத்தார்களாம். பழனி அருகில் இருப்பதும் காரணமாக இருக்கலாம்.

மார்ச் மாதம் இன்னொரு கடையில் அதே டிசைன் தைக்கப்பட்டது. யாரோ கல்யாண வீட்டில் படம் எடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் அவர் சரியாகப் பேசவில்லை. பின்பு அந்த ரவிக்கையை நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: பற்றுக்கம்பிகளை இலையின் நுனியிலிருந்து கொண்டுபோகாமல் தண்டிலிருந்து முளைக்க வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்துத் தைத்தவர்களுக்குச் செடி தெரியாது. இந்தத் தகவலில் அவருக்குக் கிடைத்த திருப்தியை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

வருமானம் தலைகீழாக மாறிவிட்டது என்று எழுதினால் பொய். ஆண்டு வேலையில் பெரும்பங்கு இன்னும் கைபேசி டிசைன்கள்தான். “மயில்தான் மேடம் சோறு போடுகிறது” என்கிறார். சொந்த டிசைன் வேலை நடக்கும் மாதங்களில் கை கொஞ்சம் நிமிர்கிறது. மற்ற மூவரில் ஒருவர் வருவதை நிறுத்திவிட்டார். வரைவதற்கு நேரமில்லை என்றார். இருவர் வருகிறார்கள்.

## மாற்ற வேண்டியவை

மறுபடி தொடங்கினால் கைவினை அலமாரிக்கு யாரையும் முதலில் அனுப்பமாட்டேன். என்ன தைக்கிறார், எந்த ஊசி, பட்டியின் அகலம் எவ்வளவு, ஒரு தையல் எவ்வளவு நீளம் என்று கேட்டுவிட்டுத்தான் நூலைத் தேடுவேன். பனையோலைப் பெட்டி முடைகிறவருக்கு எங்கள் கட்ட மாதிரி நூல்கள் ஒருவேளை பொருந்தலாம். அங்கே கட்டம் இருக்கிறது. இதை இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.

முதல் மாதிரியைப் பத்தொன்பது மணி நேரம் தைக்க விட்டது தவறு. ஒரே ஒரு பூவை, பழைய துணியில், வெறும் வெளிக்கோட்டை மட்டும் தைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் நண்டு ஒரு மணி நேரத்தில் வெளிப்பட்டிருக்கும்.

பழைய நூல்களைக் கழிப்பதிலும் என் கை இப்போது மெதுவாகிவிட்டது. அந்த மூலிகை நூல் இவர் மகளின் அட்டையில் போவதற்கு முன் ஆறு ஆண்டுகளாக யாராலும் எடுக்கப்படாதது என்று வழங்கு பதிவேடு சொல்கிறது. அடுத்த கழிவுப் பட்டியலில் அதை நானே பென்சிலால் குறித்துவைத்திருந்தேன். இனிப் பழைய அறிவியல் நூலைக் கழிக்கும்முன், தகவல் காலாவதி ஆகிவிட்டதா என்பதோடு படங்கள் கோட்டோவியமா என்பதையும் பார்க்கப்போகிறேன்.

ஜன்னலோர மேசை இருக்கிறது. நூல்கள் மாதாமாதம் மாறுகின்றன. மாற்றாவிட்டால் அதுவும் இன்னொரு அலமாரியாகிவிடும். மே கடைசி வாரம் அவர் வந்து, ஆற்று மீன்களைப் பற்றிக் கோட்டோவியத்தோடு ஏதாவது நூல் இருக்கிறதா என்று கேட்டார். செதில் அடுக்கைச் சங்கிலித் தையலில் நிரப்பிப் பார்க்க வேண்டுமாம். எங்களிடம் இல்லை. வேண்டுகைப் பதிவேட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.